சாரத்தில் தொடங்கும் சேட்டு: வீட்டில் சேட்டுத் தைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டு விறாந்தை மூலையில் அம்மம்மாவின் கால் மெசின் நிற்கிறது. கறுப்பு உடம்பு, அழிந்துபோன தங்கப் பூவேலை, சிங்கர். 1877இல் இலங்கைக்கு வந்த கொம்பனி அது. யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகள் பலவற்றில் அதன் இரும்புக் கால் இன்றைக்கும் பூச்சாடி வைக்கவாவது பயன்படுகிறது. சண்டைக் காலத்தில் கரண்டே இல்லாத வருடங்களிலும் எங்கள் மெசின் ஓடியது. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தபோதும் ஓடியது. அம்மம்மா அதில் பாவாடை தைத்தார், தலகாணி உறை தைத்தார், எங்களுக்குக் காற்சட்டையும் தைத்தார். சேட்டு மட்டும் தைக்கவில்லை. "சேட்டு ரெயிலரிட்டக் குடுக்கிற சாமான்" என்பார்.

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இப்போது பதினொரு சேட்டுத் தைத்தாயிற்று. அதில் நான்கை வெளியே போட்டுக்கொண்டு போகலாம். மற்றவை தோட்டத்துக்கு. அந்த ஏழும் பழுதாகாமல் தப்பியிருக்க வேண்டுமென்றால் எனக்கு முன்பே யாராவது சொல்லியிருக்க வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன். ஆண்களுக்கான அரைக்கைச் சேட்டு, கொலர், ஒரு பொக்கற். முழுக்கை, கஃப் எல்லாம் மூன்றாவது சேட்டுக்குப் பிறகு பார்க்கலாம்.

மெசின், ஊசி, நூல்

நேர்த்தையல் ஒழுங்காகப் போடுகிற எந்த மெசினும் போதும். கால் மெசினுக்குப் புதியவர் என்றால் நூல் கோக்காமல், பழைய பேப்பர்த் துண்டில் ஒரு அரை மணித்தியாலம் மிதித்துப் பழகுங்கள். கைச்சில்லு உங்களை நோக்கிச் சுழல வேண்டும். மறுபக்கம் திரும்பினால் நூல் சிக்கி அறும். தோல்வார் நாள்பட நீண்டு வழுக்கும். கால் அங்குலம் வெட்டித் திரும்பக் கொளுவினால் சரி.

பொப்ளினுக்கு 80ஆம் இலக்க ஊசி, பழைய கணக்கில் அது 12. மெல்லிய வொயிலுக்கு 70, தடித்த லினனுக்கு 90. ஊசியில் நீளத் தவாளிப்பு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்தால்தான் நூல் நுழைய வேண்டும். இதை மாற்றிப் போட்டுவிட்டு மெசின் பழுது என்று தூக்கிக்கொண்டு போனவர்களை எனக்குத் தெரியும். தையலின் நீளம் 2.5 மில்லிமீற்றர், அங்குலத்துக்குப் பத்துத் தையல். கொலருக்கு 2 மில்லிமீற்றர்.

துணியின் அடியில் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் எல்லோரும் அடிநூல் சுற்றிய பொபினைத்தான் திட்டுவோம். குற்றம் பெரும்பாலும் மேல் நூலில். இறுக்கம் கொடுக்கிற இரண்டு தட்டுகளுக்கு நடுவே நூல் போய் இருக்கவில்லை. துணியை அமுக்குகிற மெசின் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நூலை முதலில் இருந்து கோத்துக்கொள்ளுங்கள். அதற்கும் சரிவராவிட்டால்தான் திருகாணியைத் தொடலாம்.

துணிக்கென்று தனிக் கத்தரிக்கோல் வேண்டும். அதால் வீட்டில் ஒருவரும் மா பைக்கற் வெட்டக் கூடாது. இஞ்சி ரேப், சோக்கு, குண்டூசி, தையல் பிரிக்க ஒரு பிளேட், பிறவுண் பேப்பர். இவற்றோடு மினுக்குப்பெட்டி. இந்தப் பட்டியலில் எல்லாவற்றையும் விடப் பெறுமதியானது அதுதான். எங்கள் ஒழுங்கையில் இருந்த ஒரு பழைய ரெயிலர் ஐயா என்னுடைய மூன்றாவது கொலரைத் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, நீர் தைச்சது காணும். இனி மினுக்கப் பழகும்" என்றார். ஒவ்வொரு தையலையும் போட்டவுடனே, அடுத்த தையல் அதைக் குறுக்கே கடக்க முன்பு, மினுக்க வேண்டும். நான் மெசினுக்குப் பக்கத்திலேயே ஒரு பழைய மேசையில் மடித்த போர்வை விரித்து வைத்திருக்கிறேன். எழும்பிப் போக வேண்டியிருந்தால் பஞ்சியில் விட்டுவிடுவோம்.

துணி

முதலாவது சேட்டுக்குத் துணி வாங்க வேண்டாம். வீட்டில் பழைய சாரம் இருக்கும், அதை எடுங்கள். மூட்டுத் தையலைப் பிரித்தால் ஏறக்குறைய 2 மீற்றர் நீளமும் 45 அங்குலத்துக்குக் கிட்டிய அகலமும் உள்ள துணி கையில் வரும். ஒரு அரைக்கைச் சேட்டுக்கு வேண்டிய அளவு அதேதான். பல தடவை தோய்த்ததால் சுருங்குவதற்கு இனி ஒன்றுமில்லை. பிழைத்தால் கவலையும் இல்லை. இதைவிட இன்னொரு வசதி, கட்டம் போட்ட சாரத்தில் கோடுகளே உங்களுக்கு அடிமட்டம். இழை நேராக இருக்கிறதா, சரிந்துவிட்டதா என்று கண் பார்த்தவுடன் தெரியும். வெற்றுத் துணியில் அது தெரியாது.

இரண்டாவது சேட்டுக்குப் புடவைக்கடைக்குப் போகலாம். நவீன சந்தைப் பக்கமோ, பெரியகடையோ, சுன்னாகமோ, நெல்லியடியோ, எங்கே போனாலும் முதலில் கேட்க வேண்டியது விலையை இல்லை, அகலத்தை. 44, 45 அங்குல அகலம் என்றால் 2 மீற்றர் வாங்குங்கள். 58, 60 என்றால் 1.6 மீற்றர் காணும். எங்கள் பங்குனி சித்திரை வெயிலுக்குக் கொட்டன் பொப்ளின் நல்லது. தைக்கவும் சொன்னபடி கேட்கும். கடையில் கொட்டன் என்று சொல்லித் தந்தது உண்மையில் கொட்டன்தானா என்று பார்க்க, ஓரத்தில் ஒரு இழையை உருவி வீட்டில் கொளுத்துங்கள். கடதாசி எரிகிற மணத்தோடு சாம்பலாக உதிர்ந்தால் கொட்டன். உருகிக் கெட்டியான மணியாகத் திரண்டால் பொலியெஸ்ரர். கலப்பு என்றால் இரண்டும் கொஞ்சம் தெரியும்.

கோடும் கட்டமும் கண்ணுக்கு வடிவுதான். ஆனால் பொக்கற்றிலும் முன்பக்கத்திலும் கோடு கோட்டோடு பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் தெருவில் போகிறவனுக்கும் தெரியும். ஒத்திகைச் சாரத்தில் கட்டம் பொருந்தாவிட்டால் விடுங்கள். காசு கொடுத்து வாங்குகிற முதல் துணி வெற்று நிறமோ சின்னப் பூவோ ஆக இருக்கட்டும். வழுக்குகிற துணி பக்கமே போக வேண்டாம்.

வாங்கிய கையோடு வெட்டக் கூடாது. தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிட்டு, நிழலில் காயப்போட்டு, மினுக்கிய பிறகுதான் கத்தரிக்கோல். புதுக் கொட்டன் 100க்கு 3 முதல் 5 வரை சுருங்கும். 30 அங்குலச் சேட்டில் அது ஒன்றரை அங்குலம் வரை போகும். கைத்தறி இன்னும் கூடச் சுருங்கலாம். ஊறப்போடாமல் தைத்த என்னுடைய நாலாவது சேட்டு இப்போது மருமகனுக்கு அளவாக இருக்கிறது.

பழைய சேட்டில் இருந்து அச்சு எடுத்தல்

உடம்பை அளந்து, கணக்குப் போட்டு, வெறும் பேப்பரில் கீறுவது ரெயிலரின் வழி. அதற்குக் கை பழக வேண்டும். உங்களுக்கு நன்றாகப் பொருந்துகிற ஒரு பழைய சேட்டு இருக்கும். அதுவே உங்கள் அச்சு. பிரித்து எடுப்பதென்றால் இன்னும் திருத்தமாக வரும். மனம் வராவிட்டால் மேசையில் ஒவ்வொரு பகுதியாகச் சுருக்கமில்லாமல் விரித்து, தையல் வழியே குண்டூசியால் அடியில் உள்ள பேப்பரில் துளை போட்டு, பிறகு துளைகளைப் பென்சிலால் இணையுங்கள். பள்ளிக்கூடக் கொப்பிக்கு உறை போடுகிற பிறவுண் பேப்பர் இதற்கு நல்லது. செய்திப் பேப்பரின் மை வெள்ளைத் துணியில் ஏறும்.

எடுக்க வேண்டிய துண்டுகள்: முன்பக்கம், பின்பக்கம், தோளுக்கு மேலே வருகிற துண்டு (ரெயிலர்மார் யோக் என்பது), கை, கொலர், கொலரைத் தாங்குகிற பட்டி, பொக்கற். பின்பக்கத்துக்கும் யோக்குக்கும் பாதி கீறினால் போதும், மடிப்பில் வைத்து வெட்டலாம். பின்பக்கத்தில் மடிப்பு விட்ட சேட்டு என்றால் அந்த மடிப்பை விரித்து அளக்க வேண்டும். நான் மறந்தேன், முதுகு ஒன்றரை அங்குலம் ஒடுங்கிப் போனது.

பென்சில் கோடு தையல் போகிற கோடு. அதற்கு வெளியே தையலுக்கு இடம் விட வேண்டும். கழுத்துக்கும் கொலருக்கும் கால் அங்குலம், தோளுக்கும் கை பொருத்துகிற வளைவுக்கும் 3/8, பக்கங்களுக்கு 5/8, கீழ் விளிம்புக்கு அரை, அரைக்கையின் வாய்க்கு ஒன்றரை. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு விட்டால் நினைவு வைக்கச் சுகம்தான், ஆனால் கழுத்து வளைவில் அதிக துணி நின்று சண்டை பிடிக்கும்.

ஒரு கணக்கை மட்டும் சரிபாருங்கள். நெஞ்சளவோடு சேட்டின் சுற்றளவை ஒப்பிட்டால் சேட்டு 4 முதல் 6 அங்குலம் கூட இருக்க வேண்டும். கழுத்தில் தெறி பூட்டினால் ஒரு விரல் போக வேண்டும்.

சாரத்தில் ஒத்திகை

பக்கம், தோள், கை மூன்றையும் நீளத் தையல் போட்டு மூட்டி, முன்பக்கத்தைக் குண்டூசியால் பூட்டி, போட்டுப் பாருங்கள். பொக்கற், கொலர், தெறி எதுவும் வேண்டாம். பிறகு கண்ணாடிக்கு முன்னால் நின்று கையைத் தூக்குங்கள். முழுச் சேட்டும் கையோடு சேர்ந்து மேலே எழும்பினால் அக்குளடியில் வளைவு அதிகம் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். இறுக்கம் என்று நினைத்து இன்னும் வெட்டத் தோன்றும். வெட்டாதீர்கள். வளைவை அரை அங்குலம் மேலே ஏற்ற வேண்டும். எனக்கு இது விளங்க இரண்டு சேட்டுப் போனது.

கழுத்தடியில் இருந்து அக்குளை நோக்கிச் சரிவாகச் சுருக்கம் விழுந்தால் உங்கள் தோள் அச்சை விடச் சரிவானது. தோள் முனையைக் கால் அங்குலம் இறக்கி, அக்குளடியையும் அதே அளவு இறக்கிக் கீறுங்கள். வயிற்றடியில் தெறிகளுக்கு நடுவே வாய் திறந்தால், அதற்கு ஆளும் காரணம், அச்சும் காரணம். முன்பக்கத் துண்டில் மட்டும் பக்கவாட்டில் அரை அங்குலம் கூட்டுங்கள். பின்பக்கத்திலும் கூட்டினால் முதுகில் பலூன் நிற்கும். திருத்தங்களை உடனே பேப்பரில் எழுதுங்கள், திகதியும் போடுங்கள்.

வெட்டுதல்

துணியின் கரைக்குச் சமாந்தரமாகப் போகிற பாவு இழைதான் சேட்டில் மேலிருந்து கீழே வர வேண்டும். யோக்கை மட்டும் குறுக்காக வெட்டலாம். துணியை நல்ல பக்கம் உள்ளே வருமாறு இரண்டாக மடித்து வெட்டினால் இடது வலது தானாகவே அமையும். ஒற்றையாக விரித்து வெட்டுகிறவர் பேப்பரை மறுபக்கம் புரட்ட மறப்பார். நான் கையை அப்படித்தான் வெட்டினேன். பெரியம்மா தூக்கிப் பார்த்துவிட்டு, "உது ரெண்டும் ஒரே கையடா" என்றா. துணியும் மிச்சமில்லை.

கையின் முன்புறத்துக்கு ஒரு சின்ன வெட்டு, பின்புறத்துக்கு இரண்டு வெட்டு அடையாளமாக வையுங்கள். உடம்புத் துண்டின் வளைவிலும் அப்படியே. வெட்டு கால் அங்குலத்தைத் தாண்டக் கூடாது.

தைத்தல்

முதலில் முன்பக்கப் பட்டி. ஆண்களின் சேட்டில் தெறி ஓட்டை போடுபவரின் இடப்பக்கம், தெறி வலப்பக்கம். இரண்டு பக்கத்தையும் ஒன்றேகால் அங்குல அகலத்துக்கு இருமுறை மடித்து, மினுக்கி, தைத்துவிடுங்கள். உடம்பு இன்னும் தட்டையாக இருக்கும்போதே பொக்கற்றையும் வைக்க வேண்டும். பொக்கற்றின் ஓரங்களை ஒரு அட்டைத் துண்டைச் சுற்றி மடித்து மினுக்கினால் இரண்டு மூலையும் ஒரே மாதிரி வரும். மேல் மூலைகளில் சின்ன முக்கோணமாகத் தையல் போடுங்கள், பேனையும் போனும் இழுக்கிற இடம் அது.

அடுத்தது யோக். இது இரண்டு துணி, நடுவில் பின்பக்கம். வெளி யோக்கின் நல்ல பக்கம் பின்பக்கத் துண்டின் நல்ல பக்கத்தோடும், உள் யோக்கின் நல்ல பக்கம் பின்பக்கத்தின் உட்பக்கத்தோடும் சேர, மூன்றையும் ஒன்றாகத் தைத்து, யோக் இரண்டையும் மேலே திருப்பி மினுக்குங்கள். தோளுக்கு வரும்போது ஒரு வித்தை உண்டு. வெளி யோக்கின் நல்ல பக்கத்தை முன்பக்கத்தின் நல்ல பக்கத்தோடு வைத்துக் குண்டூசி குத்துங்கள். பிறகு முழு உடம்பையும் கழுத்தை நோக்கி றோல்ஸ் சுற்றுகிற மாதிரி இறுக்கமாகச் சுருட்டி, உள் யோக்கை அந்தச் சுருளுக்கு மேலால் கொண்டுவந்து அதே தோள் ஓரத்தில் சேருங்கள். சுருட்டின துணி உள்ளே, யோக் வெளியே, தேநீர்க்கடை றோல்ஸ் மாதிரியே இருக்கும். தோள் ஓரத்தை மட்டும் தைத்து, கழுத்து வாயால் உள்ளிருப்பதை இழுத்து எடுத்தால் தையல் ஓரம் எல்லாம் இரண்டு யோக்குக்கும் நடுவே மறைந்துவிடும். மற்றத் தோளுக்கும் அப்படியே. முதல் தடவை சுருளையும் சேர்த்துத் தைத்துவிடுவீர்கள். எல்லோரும் தைப்பார்கள்.

கொலர்

இங்கே அவசரப்படாதீர்கள். ஒரு முழுப் பின்னேரம் ஒதுக்குங்கள்.

மேல் கொலருக்கும் பட்டியின் ஒரு துண்டுக்கும் ஒட்டுக் கன்வஸ் வேண்டும், விறைப்புக்காக உள்ளே ஒட்டுகிற துணி அது. பளபளவென்று பசை தெரிகிற பக்கம் துணியின் உட்பக்கத்தில் படவேண்டும். மேலே ஈரத்துணி போட்டு, மினுக்குப்பெட்டியை வைத்து 10, 12 செக்கன் அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வையுங்கள். இழுத்து இழுத்து மினுக்கினால் கன்வஸ் நகர்ந்து குமிழ் விடும். அந்தக் குமிழ் பிறகு தோய்க்கத் தோய்க்கப் பெருக்கும்.

கீழ்க் கொலரை மேல் கொலரை விட 2 மில்லிமீற்றர் சிறிதாக ஓரங்களில் சீவி வெட்டுங்கள். தைக்கும்போது இரண்டின் ஓரத்தையும் ஒன்றாக இழுத்துப் பிடிக்க வேண்டும். இதனால் திருப்பியதும் தையல் கீழ்ப்பக்கம் உருண்டு ஒளியும், கொலர் முனை மேலே எழும்பி நிற்காமல் நெஞ்சை நோக்கி வளையும். முனைக்கு வந்ததும் கூர்மையாகத் திரும்பாமல் குறுக்கே ஒரு தையல் போட்டுத் திரும்புங்கள். அப்படிச் செய்தால்தான் திருப்பும்போது முனை கூராக வரும். முனையில் மிச்சத் துணியைத் தையலுக்கு இரண்டு மில்லிமீற்றர் தள்ளிச் சீவுங்கள். ஈர்க்கால் குத்தி முனையை வெளியே தள்ளுவது எங்கள் வீட்டுப் பழக்கம், ஆனால் ஈர்க்கு துணியைத் துளைத்துவிடும். மழுங்கின குச்சி நல்லது. அதைவிட நல்லது, அந்தக் குறுக்குத் தையலுக்குள் முன்பே ஒரு நீள நூலை மடித்து வைத்துவிட்டு, திருப்பிய பிறகு அந்த நூலைப் பிடித்து இழுப்பது. முனை தானாக வெளியே வரும், நூலை உருவி எறியலாம்.

பிறகு இரண்டு பட்டித் துண்டுக்கும் நடுவே கொலரை வைத்து மேல் ஓரத்தைத் தைக்க வேண்டும். பட்டியின் நீளம்தான் பலருக்கும் பிழைக்கிற இடம். கழுத்தின் வெட்டிய ஓரத்தை அளந்தால் பட்டி கட்டையாகப் போகும். கழுத்து உள்வளைவு. தையல் கோடு ஓரத்தில் இருந்து கால் அங்குலம் வெளியே இருப்பதால் அது நீளமானது. ரேப்பை ஓரமாக நிமிர்த்தி நிற்கவைத்து அந்தத் தையல் கோட்டின் வழியே அளவுங்கள்.

பட்டியைப் பொருத்த முன், கழுத்தில் கால் அங்குலத்துக்குச் சற்று உள்ளே, ஓரப் பக்கமாக, ஒற்றைத் துணியில் ஒரு தையல் ஓட்டி, அதைத் தொடாமல் அரை அங்குலத்துக்கு ஒன்றாகச் சின்ன வெட்டுக் கொடுங்கள். வளைவு விரிந்து நேரான பட்டியோடு மல்லுக்கட்டாமல் சேரும். வெளிப்பட்டியை முதலில் தைத்து, உட்பட்டியின் ஓரத்தை மடித்து, கையால் நூலோடி, அதற்குப் பிறகு மெசினில் ஓரத்தையல். கையால் நூலோடுவது நேரம் மெனக்கெட்ட வேலை என்று தோன்றும். பட்டியை மூன்று தடவை பிரித்த பிறகு அப்படித் தோன்றாது.

கை, பக்கம், விளிம்பு

கையைப் பக்கத் தையலுக்கு முன்பே, எல்லாம் தட்டையாக இருக்கும்போது பொருத்துங்கள். கையின் வளைவு உடம்பின் வளைவை விட அரை அங்குலம் வரை நீளமாக இருக்கலாம். மெசினின் பல் அடித்துணியைக் கூடுதலாக இழுத்துக்கொள்ளும் என்பதால் நீளமான கையைக் கீழே, உடம்பை மேலே வைத்துத் தைத்தால் மிச்சம் சுருக்கமில்லாமல் உள்ளே போய்விடும்.

பக்கத் தையலும் கையடித் தையலும் ஒரே ஓட்டம். உட்பக்கங்களைச் சேர்த்து 5/8இல் தைத்து, ஒரு ஓரத்தைக் கால் அங்குலமாகச் சீவி, மற்ற ஓரத்தை அதன் மேல் மடித்துப் படியவைத்துத் திரும்பத் தையுங்கள். பிசிறு எங்கும் தெரியாது, ஓவர்லொக் மெசின் தேவையில்லை. கையின் வாயை மடித்துத் தைப்பது சின்ன வேலை. கீழ் விளிம்பு முதல் சேட்டில் நேராகவே இருக்கட்டும்.

தெறி

வளைந்து வளைந்து போகிற சிக்சாக் தையல் இல்லாத மெசின் என்றால் ஓட்டையைக் கையால்தான் தைக்க வேண்டும். ரெயிலர்கடையில் கொடுத்துப் போடுவிக்கலாம், அதில் வெட்கமில்லை. கையால் என்றால், சாதாரணமாகச் சேட்டுக்கு வருகிற 11 மில்லிமீற்றர்த் தெறிக்கு அரை அங்குல ஓட்டை. இரண்டு வரி சின்னத் தையல் 3 மில்லிமீற்றர் இடைவெளியில் ஓட்டி, நடுவே பிளேட்டால் கீறி, தேன்மெழுகு தடவிய நூலால் ஓரம் முழுக்க நெருக்கமாக முடிச்சுத் தையல். ஒரு ஓட்டைக்கு எனக்கு இருபது நிமிடம். முன்பக்கத்தில் ஓட்டை நெடுக்காக, கொலர்ப் பட்டியில் மட்டும் குறுக்காக. மூன்றரை அங்குலத்துக்கு ஒரு தெறி, ஆனால் கணக்கை நெஞ்சின் அகலமான இடத்தில் ஒன்றை வைத்து அதில் இருந்து மேலும் கீழும் தொடங்குங்கள்.

தெறி தைக்கும்போது அதன் மேல் ஒரு நெருப்புக்குச்சியை வைத்து அதற்கு மேலால் நூலைக் கொண்டுபோங்கள். கடைசியில் குச்சியை எடுத்து, தளர்ந்த நூலைத் தெறிக்கு அடியில் நான்கு சுற்றுச் சுற்றி முடியுங்கள். தெறிக்குக் கழுத்து வரும், பூட்டும்போது துணி இழுபடாது.

எட்டாவது சேட்டு வெளிறிய நீலப் பொப்ளின். அதுதான் வெளியே போட என்று துணிந்த முதலாவது. நல்லூர்த் திருவிழாவுக்குப் போட்டுக்கொண்டு போனேன். வாசலில் நினைவு வந்தது, உள்ளே ஆண்கள் மேலுடுப்போடு போகக் கூடாது. கழற்றி உட்பக்கம் வெளியே தெரிய மடித்துக் கையில் போட்டுக்கொண்டேன். வரிசையில் பக்கத்தில் நின்ற ஐயா ஒருவர் பக்கத் தையலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "உள்ளுக்கும் மடிச்சுத் தைச்சிருக்கு. ஆர் ரெயிலர்?" என்றார். நான்தான் என்றேன். வாங்கி விரித்துப் பார்த்தார்.

"பொக்கற் சரிவு தம்பி."